இரண்டு வினாடி இடைவெளி

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 25 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு, கால் பிரேக்கை மிதிப்பதற்குள்ளேயே ஏறக்குறைய ஒரு வினாடி கழிந்துவிடுகிறது. ஆகையால், முன்னே செல்லும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும், "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாக எண்ணுங்கள். எண்ணி முடிக்குமுன் நீங்கள் அக்கம்பத்தை அடைந்தால், மிகவும் நெருங்கிவிட்டீர்கள் என்று அறிந்து வேகத்தைக் குறையுங்கள். மழையில் ஆயிரத்து நான்கு வரை எண்ணவேண்டும்.

ஏ.பி.எஸ். பிரேக் இருக்கிறதே என்று சிலர் துணிகிறார்கள். அது சக்கரம் சுழலாமல் இறுகிவிடாதபடி காத்து, வண்டியைத் திருப்ப இடந்தரும்; ஈரச் சாலையைக் காயவைக்காது.

ஒரு மழைநாளில் கடைச் சரக்கேற்றிய வேனில், லாரியொன்றின் பின்னால் ஒட்டிச் சென்றேன். லாரி திடீரென நின்றது. ஒரு முழ இடைவெளியில் தப்பினேன். பக்கத்தில் என் மகன் இருந்தான். அன்று முதல் எண்ணுகிறேன், நீங்களும் எண்ணுங்கள்.