பேலியோவும் கொலஸ்ட்ராலும்: ரத்தப் பரிசோதனைத் தாளைப் படிப்போம்

இந்தப் பாடம் நம் வீட்டுப் பெரியவர்களுக்காக நாம் படிக்க வேண்டிய பாடம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இந்தக் கணக்கைக் கண்ணால் பார்க்கலாம்.

அதனால்தான் பேலியோ உணவுமுறை நம்ம ஆளுங்ககிட்ட வேகமாகப் பரவியது. நியாண்டர் செல்வன் தமிழில் எழுதிய நூலும், 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' என்ற முகநூல் குழுவும் தமிழ்நாட்டைத் தாண்டி இங்கேயும் வந்து சேர்ந்தன. சோறு, ரொட்டி சானாய், சீனி போட்ட தே தாரிக் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, முட்டை, இறைச்சி, பாதாம், வெண்ணெய் என்று மாறுவது. மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை இறங்கும், எடை குறையும். இதில் சந்தேகம் இல்லை. கேள்வி வேறு: கொலஸ்ட்ரால் என்ன ஆகும்?

ஜாசின் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் என் மாமாவின் இரண்டு பரிசோதனைத் தாள்களை, அவர் சம்மதத்தோடு, உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நான் படிப்பது பொறியியல், மருத்துவம் இல்லை. ஆனால் எண்களைப் பார்த்துக் கேள்வி கேட்க எல்லாராலும் முடியும்.

முதலில் அலகு

தமிழ்நாட்டுக் குழுக்களில் "என் எல்டிஎல் 160" என்று போடுவார்கள். அது மில்லிகிராம்/டெசிலிட்டர். நம் நாட்டுத் தாளில் வருவது மில்லிமோல்/லிட்டர். கொலஸ்ட்ராலுக்கு 38.67-ஆல் பெருக்க வேண்டும். அதாவது இங்கே 5.2 என்றால் அங்கே சுமார் 200. டிரைகிளிசரைடுக்கு மட்டும் 88.57-ஆல் பெருக்க வேண்டும். இது தெரியாமல், "அவங்களுக்கு 160, எனக்கு வெறும் 6தானே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. எல்டிஎல் 6 என்றால் அங்கே 232!

அடுத்து கணக்கு

பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. 1972-இல் ஃப்ரீட்வால்ட் குழுவினர் கொடுத்த சூத்திரத்தில் கணக்கிடுகிறார்கள்:

எல்டிஎல் = மொத்தக் கொலஸ்ட்ரால் − எச்டிஎல் − (டிரைகிளிசரைடு ÷ 2.2)

டிரைகிளிசரைடு 4.5-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரம் பொருந்தாது. இனி மாமாவின் எண்கள்.

பேலியோவுக்கு முன்: மொத்தம் 5.4, எச்டிஎல் 1.0, டிரைகிளிசரைடு 2.2. எல்டிஎல் = 5.4 − 1.0 − 1.0 = 3.4.

ஆறு மாதம் கழித்து: மொத்தம் 7.6, எச்டிஎல் 1.3, டிரைகிளிசரைடு 1.1. எல்டிஎல் = 7.6 − 1.3 − 0.5 = 5.8.

எடை 9 கிலோ குறைந்தது. எச்பிஏ1சி 8.1-இலிருந்து 6.4-க்கு வந்தது. டிரைகிளிசரைடு பாதியானது, எச்டிஎல் ஏறியது. நான்கும் நல்ல செய்தி. ஆனால் எல்டிஎல் 5.8 கெட்ட செய்தி. நீரிழிவு உள்ளவருக்கு அது 2.6-க்குக் கீழே இருக்க வேண்டும், பலருக்கு இன்னும் குறைவாக. மாமா, "டிரைகிளிசரைடு நல்லா இருந்தா எல்டிஎல் பத்திக் கவலையே வேணாம்னு குரூப்ல சொல்றாங்கடா" என்றார். அது சரியா?

எல்டிஎல் ஏன் முக்கியம்

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், எல்டிஎல் என்பது செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரி. சரக்குதான் கொலஸ்ட்ரால். ஆலை என்பது கல்லீரல். ஆலை வாசலில் லாரிகளை உள்ளே இழுக்கும் கதவுகள் இருக்கின்றன. அவைதான் எல்டிஎல் ஏற்பிகள். கதவு குறைந்தால் லாரிகள் சாலையிலேயே சுற்றும். எத்தனை லாரி, எத்தனை வருடம் சுற்றுகிறதோ, அத்தனைக்கு ரத்தக்குழாய்ச் சுவரில் சரக்கு கொட்டும்.

இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் ஆராய்ந்தது பரம்பரையாகவே இந்தக் கதவுகள் இல்லாத குழந்தைகளை. அந்தக் குழந்தைகளுக்குச் சர்க்கரை நோயும் இல்லை, தொப்பையும் இல்லை. எல்டிஎல் மட்டும் மிக அதிகம். சிறு வயதிலேயே மாரடைப்பு வந்தது. ஆகவே மற்ற எண்கள் நன்றாக இருப்பதால் எல்டிஎல்லின் தீங்கு போய்விடாது.

ஏன் ஏறியது?

இரண்டு காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, நிறைவுற்ற கொழுப்பு. வெண்ணெய், நெய், தேங்காய்ப்பால், கொழுப்புள்ள இறைச்சி ஆகியவற்றில் இருப்பது. அதிகமாகச் சாப்பிட்டால் கல்லீரலின் கதவுகள் குறைகின்றன.

இரண்டு, மெலிந்த உடல். அமெரிக்க மென்பொருள் பொறியாளர் டேவ் ஃபெல்ட்மேன் தன் கொலஸ்ட்ரால் ஏறியதை ஆராயப் போய், 2017-இல் ஒரு வகையினரை அடையாளம் காட்டினார்: எல்டிஎல் 5.2-க்கு மேல், எச்டிஎல் 2.1-க்கு மேல், டிரைகிளிசரைடு 0.8-க்குக் கீழ். பெரும்பாலும் ஒல்லியானவர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள். இவர்களுக்குக் கொஞ்சம் மாவுச்சத்தைத் திரும்பச் சேர்த்தாலே எல்டிஎல் சரசரவென்று இறங்குவதுண்டு. 2024-இல் வெளியான ஒரு சோதனையில் ஒருவர் தினம் 12 ஓரியோ பிஸ்கட் சாப்பிட்டார். 16 நாளில் எல்டிஎல் 9.9-இலிருந்து 2.9-க்கு வந்தது. உடனே பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காதீங்க! அது ஒரே ஓர் ஆள்மீது நடந்த சோதனை, அவருக்கு நீரிழிவும் இல்லை.

மாமாவின் எச்டிஎல் 1.3, இடுப்பளவு 38 அங்குலம். அவர் இரண்டாம் வகை இல்லை. அப்படியென்றால் தட்டைத்தான் பார்க்க வேண்டும்.

தட்டின் கணக்கு

ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு நிறைவுற்ற கொழுப்பு 22 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 10 விழுக்காட்டு வரம்பின்படி வரும் கணக்கு. மாமாவின் ஒரு நாள் (எல்லாம் தோராயம்):

- கோப்பியில் வெண்ணெய் 30 கிராம்: 15
- முட்டை 4: 6
- குழம்பில் சந்தான் 200 மில்லி: 30
- நெய் 2 மேசைக்கரண்டி: 17

மொத்தம் 68 கிராம். வரம்பைப் போல மூன்று மடங்கு. எல்லாரும் முட்டையைத்தான் குறை சொன்னார்கள். கணக்கில் முட்டைக்கு வெறும் 6. சந்தானும் நெய்யும் வெண்ணெயும்தான் மீதி எல்லாம்.

மாவுச்சத்தைக் கூட்டாமலே இதை மாற்றலாம்:

- நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி: 4
- பாதாம் 50: 2.5
- முட்டை 2: 3
- கெம்போங் மீன் 2: 3
- வெண்ணெய்ப்பழம் பாதி: 2
- சந்தான் 50 மில்லி: 7.5

மொத்தம் 22. இதுவும் கொழுப்பு நிறைந்த உணவுதான், கொழுப்பின் வகைதான் வேறு. கூடவே வெண்டைக்காய், வெந்தயம், இசப்கோல் சேர்த்தால் அவற்றின் கரையும் நார்ச்சத்து குடலில் பித்தத்தைப் பிடித்து வெளியேற்றும். புதுப் பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுக்கும்.

விரத நாளில் மீனும் முட்டையும் இல்லை என்பதால் பன்னீரை நெய்யில் வறுத்துச் சாப்பிடுபவர்கள், அதற்குப் பதில் தௌஹு, தெம்பே, நிலக்கடலை எடுக்கலாம். சமையல் எண்ணெயும் கவனம். நாம் வாங்கும் செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு.

பிறகு என்ன ஆனது?

மூன்று மாதத்தில் மாமாவின் எல்டிஎல் 5.8-இலிருந்து 4.1-க்கு வந்தது. நல்ல இறக்கம், ஆனால் 2.6 இன்னும் தூரம். டாக்டர் முன்பே சொன்ன ஸ்டேட்டின் மாத்திரையை அவர் மறுத்து வந்தார். "மாத்திரை போட்டா பேலியோ தோத்துப் போச்சுன்னு அர்த்தம்" என்பார். ஸ்டேட்டின் செய்வதும் கதவுகளைக் கூட்டும் வேலைதான். கல்லீரல் சொந்தமாகக் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைக்கும். பற்றாக்குறையை ஈடுகட்டக் கல்லீரல் அதிகக் கதவு திறக்கும். லாரி உதாரணத்தை அவர் லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் சம்மதித்தார். இரண்டு மாதத்தில் 2.4. சோறு இன்னும் குறைவுதான், சர்க்கரையும் கட்டுப்பாட்டில். உணவும் மருந்தும் ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. உணவுமுறையைத் தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை, மூன்று மாதத்தில் மறுபடி ஒன்று. அரசு கிளினிக்கில் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.

2. எடை வேகமாகக் குறையும்போது எல்டிஎல் தற்காலிகமாக ஏறலாம். எடை நிலையான பிறகு மறுபடி பாருங்கள். ஆனால் 4.9-க்கு மேல் இருந்தால் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். பரம்பரைக் காரணம் இருந்தால் உங்களுக்கும் பரிசோதனை தேவை.

3. இன்சுலின், கிளிக்ளசைடு போடுபவர் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். 'ஃப்ளோசின்' என்று பெயர் முடியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அப்படியே.

4. எந்த மாத்திரையையும் குழுவில் யாரோ சொன்னார் என்று நிறுத்த விடாதீர்கள்.

குழுவில் கலந்து பேச

1. உங்கள் வீட்டில் கடைசியாக எடுத்த பரிசோதனைத் தாளில் எல்டிஎல் எவ்வளவு? சூத்திரத்தைப் போட்டுச் சரிபாருங்கள்.

2. உங்கள் வீட்டு ஒரு நாள் சமையலில் நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு? எதில் அதிகம்?

3. நம் கோயில் அன்னதானத்தில் நீரிழிவு உள்ளவர் வயிறார உண்ண என்னென்ன சேர்க்கலாம்? அடுத்த கூட்டத்துக்குள் ஒரு பட்டியல் தயாரித்துக் கோயில் நிர்வாகத்திடம் கொடுங்கள்.