ஒற்றை ஃபோட்டானையும் வீணாக்காதீர்கள்

குவாண்டம் ஒளித் தகவல்தொடர்புக்கு ரிசீவர் வடிவமைக்க வரும் பிள்ளைகளே, ஆய்வக மேசையில் நான் கற்றதைச் சொல்கிறேன்.

1. முதலில் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். நேரெதிர்க் கட்டம் கொண்ட இரண்டு மங்கலான லேசர் துடிப்புகளைப் பிழையே இல்லாமல் பிரித்தறிய எந்தக் கருவியாலும் முடியாது. துடிப்புக்குச் சராசரியாக ஒரு ஃபோட்டான் என்றால், ஹெல்ஸ்ட்ரோம் எல்லைப்படி குறைந்தபட்சப் பிழை 0.46%. குறையில்லாத ஹோமோடைன் ரிசீவருக்கோ 2.3%. இந்த இடைவெளியில்தான் நம் வேலை.

2. கென்னடி ரிசீவரை உங்கள் கையால் கட்டிப் பாருங்கள். 1973இல் வந்த யோசனை அது. வரும் துடிப்போடு நம் லேசர் ஒளியைப் பீம் ஸ்பிளிட்டரில் கலந்தால், ஒரு துடிப்பு அணைந்துவிடும். மற்றதன் ஆற்றல் நான்கு மடங்காகும். டிடெக்டர் சொடுக்கினால் வந்தது நான்கு மடங்கானது, மௌனமாக இருந்தால் அணைந்தது. பிழை 0.92%.

3. அணைப்பைக் கண்காணியுங்கள். குறுக்கீட்டுத் தெளிவு 99% என்றால் நல்ல எண்ணாகத்தான் தோன்றும். ஆனால் அணைந்திருக்க வேண்டிய 100 துடிப்புகளில் 2 ஃபோட்டான் கசியும், பிழை 1.9% வரை ஏறிவிடும். ஒருமுறை மூன்று நாள் காரணம் தேடினேன். ஏசிக் காற்று ஃபைபர்மேல் பட்டு, கட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. ஃபைபரைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள்.

4. இழப்பை எண்ணுங்கள். டிடெக்டரின் திறன் 60% என்றால் கென்னடியின் பிழை 4.5%, ஹோமோடைனிடமே தோற்றுவிடும். கனெக்டர் ஒவ்வொன்றையும் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள். தினமும் ஒளியை அடைத்து, டார்க் கவுண்ட்டைக் குறித்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

5. பின்னூட்டத்துக்கு அவசரப்படாதீர்கள். கலக்கும் ஒளியின் வீச்சை நேரத்தோடு சரியாக மாற்றிக்கொண்டே, ஒவ்வொரு சொடுக்குக்கும் அதன் கட்டத்தைப் புரட்டினால் ஹெல்ஸ்ட்ரோம் எல்லையையே தொடலாம் என்று டோலினார் காட்டியதும் 1973இல்தான். அதைச் சோதனையில் செய்துகாட்ட 2007 வரை ஆயிற்று. துடிப்பு கடந்துபோவதற்குள் சுற்று முடிவெடுத்தாக வேண்டும். டிடெக்டரின் ஓய்வு நேரத்தையும் மின்சுற்றின் தாமதத்தையும் முதலில் அளந்துகொள்ளுங்கள்.

6. கழிக்காத எண்ணை எழுதுங்கள். டிடெக்டரின் குறையைக் கணக்கில் கழித்துவிட்டால் எந்த வளைகோடும் அழகாகத்தான் தெரியும். இழப்பு, கசிவு, டார்க் கவுண்ட் எல்லாம் சேர்ந்த பிழையை முதல் பக்கத்தில் போடுங்கள். அந்த எண் குறையில்லாத ஹோமோடைனை வென்றால்தான் உங்கள் ரிசீவர் வென்றது.