காய்ச்சலுக்கு மூன்று நாள் தவணை கிடையாது

“அரிவாள் செல் நோயா? அது ஆப்பிரிக்காக்காரர்களுக்கு வருவது.”

1952இலேயே நீலகிரி மலைவாழ் மக்களிடம் இந்தப் பரம்பரை இரத்தக் கோளாறைக் கண்டறிந்து எழுதிவிட்டார்கள். அதே ஆண்டு மேல் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் தென்பட்டது. 1986இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை மலேசிய இந்தியர்களிடமே இதைப் பதிவு செய்தது. இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் பெட்டி படுக்கையை மட்டுமா கொண்டுவந்தார்கள்? மலாக்காவில் இது அபூர்வம்தான். அதனாலேயே வீட்டிலும் கிளினிக்கிலும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

“நான்காம் படிவத்தில் இரத்தம் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள்.” அது தலசீமியாவுக்கான சோதனை. அரிவாள் செல் கூறு அதில் சிக்காமல் போகலாம்.

“பனடோல் கொடுத்து மூன்று நாள் பார்ப்போம்.” எனக்குப் பயம் தருவது இந்தப் பேச்சுதான். அரிவாள் செல் நோயுள்ள பிள்ளைகளுக்கு மண்ணீரல் சின்ன வயதிலேயே வேலையை நிறுத்திவிடுகிறது. நிமோகாக்கஸ் கிருமி இரத்தத்தில் இறங்கினால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். காய்ச்சல் 38.5 பாகையைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைதான். இரத்தம் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல், ஆன்டிபயாடிக் ஊசி போடுவார்கள். மலாக்காவின் ஜாசின் பக்கம் உள்ளே தள்ளிய தோட்டமா, வண்டி இல்லையா? 999ஐ அழையுங்கள். கவுன்டரில் வெறும் ‘காய்ச்சல்’ என்று சொல்லி வரிசையில் உட்காராதீர்கள். ‘சிக்கல் செல்’ என்பதை முதலில் சொல்லுங்கள். அது அரிவாள் செல்லின் ஆங்கிலப் பெயர்தான், நம் காதுக்கும் பொருத்தமாகவே விழுகிறது.

“தினமும் பெனிசிலின் குடிக்கிறானே?” அதே 1986இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் அது நிமோகாக்கஸ் தொற்றை 84 விழுக்காடு குறைத்தது. மீதி 16 இருக்கிறது.

சில நேரம் இந்த நோயுள்ள கைக்குழந்தையின் புறங்கையும் பாதமும் பன் போல உப்பியிருக்கும், தொட்டால் வீறிடும். கொசுக்கடி என்று பாட்டி ஐஸ் வைப்பார். குளிர்ச்சியில் இரத்தக்குழாய் இன்னும் சுருங்கும். வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள், பாலும் தண்ணீரும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு வலி தாங்க முடியாமல் போனால் மார்பின் தருவார்கள். அடிமையாகிவிடுவான் என்று தடுக்காதீர்கள். மருத்துவர் அளந்துதான் தருகிறார்.

“வெளுத்திருக்கிறான், இரும்புச்சத்து டானிக் வாங்கு.” இது இரும்புக் குறைவால் வரும் சோகை அல்ல. திடீரென்று வெளுத்து, வயிறும் உப்பினால், மண்ணீரலுக்குள் இரத்தம் தேங்குகிறது என்று அர்த்தம். உடனே இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். மண்ணீரலைத் தடவிப் பார்க்கத் தாய்க்கே கற்றுத் தருவார்கள். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, இடது விலாவுக்குக் கீழே நான்கு விரலை மெல்ல அழுத்தி, நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் அது தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.