கடலுக்குப் போனவரின் ரத்த அழுத்தம்

அன்புள்ள தம்பி,

உன் பாம்பன் ஆய்வுத் திட்டத்தை வாசித்தேன். மீனவக் குடும்பங்களில் உயர் ரத்த அழுத்தம் எத்தனை பேருக்கு என்பது நல்ல கேள்வி. ஆனால் விடுபட்டவர்களின் அளவுகளை ‘மல்டிபிள் இம்ப்யூட்டேஷன்’ கொண்டு நிரப்பிவிடலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அங்கேதான் நின்றுவிட்டேன்.

பாம்பன் தெற்குவாடியில் காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் யார் இருப்பார்கள்? பெண்கள், வயதானவர்கள், உடம்புக்கு முடியாமல் தொழிலுக்குப் போகாதவர்கள். அந்த முறை, கிடைத்தவர்களை வைத்துத்தான் கிடைக்காதவரை ஊகிக்கும். வீட்டிலிருந்த நாற்பது வயதுக்காரர் நோயாளி என்றால், கடலில் வலை இழுப்பவருக்கும் அவர் நோயையே எழுதிவைக்கும். மென்பொருள் ஒரு எச்சரிக்கையும் காட்டாது.

கணக்கைவிடக் களத்தில் அளப்பதே முக்கியம் என்பதற்குச் சென்னை சேத்துப்பட்டின் காசநோய் ஆய்வு நினைவிருக்கிறதா? 1956-இல் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் தொடங்கியது. ஏழை நோயாளிகள் 193 பேர்; சமவாய்ப்பு முறையில் பாதிப் பேர் சானடோரியத்துக்கு, மீதிப் பேருக்கு வீட்டிலிருந்தே மருந்து. வீட்டு சிகிச்சையும் ஏறத்தாழ அதே பலன் தருகிறது என்ற முடிவு 1959-இல் வெளியானது. சானடோரியம் கட்டாயம் என்ற நம்பிக்கை உலகெங்கும் ஆட்டம் கண்டது. அதன் கணக்கு பெரும்பாலும் சதவீத ஒப்பீடுதான். உழைப்பெல்லாம் வேறு இடத்தில்: சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். எக்ஸ்ரே பார்த்து மதிப்பிட்டவருக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியாது. இன்றைய கணினி அவர்களிடம் இருந்திருந்தாலும் மாத்திரையை எண்ணத்தான் போயிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. 20 குப்பங்களில் தலா 20 பேர் என்கிறாய். ஒரே குப்பத்தார் ஒரே தண்ணீர், ஒரே கருவாடு, ஒரே கடை. அவர்களுக்குள் இருக்கும் ஒத்த தன்மையின் அளவை (உட்குழுத் தொடர்புக் கெழு) 0.05 என்று வைத்தாலே, உன் 400 பேர் சுமார் 205 பேருக்குச் சமம். ‘மிக்ஸட் மாடல்’ என்ற புள்ளியியல் முறை இதைக் கணக்கில் எடுக்கும். குறைந்த ஆட்களைக் கூட்டித் தராது. வீட்டுக்கு இரண்டு பேரை எடுப்பதைவிடக் குப்பங்களைக் கூட்டு.

கடலுக்குப் போனவர்களைப் பிடிக்க ஒரு வாய்ப்பு உண்டு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் கிடைப்பார்கள். நாட்டுப்படகுக்காரர்கள் அப்போதும் கடலில்தான், அவர்களை மாலையில் பிடி. தடைக்காலத்தில் வருமானம், தூக்கம், குடி எல்லாமே மாறும், அழுத்தமும் மாறலாம். ஆகவே அப்போது அளந்தவர்களில் ஒரு பகுதியை, சீட்டுக் குலுக்கி எடுத்து, ஆகஸ்ட்டில் மறுபடி அள. அதற்கான செலவைத் திட்டத்தில் இப்போதே சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்