சொல்லில் எழுந்த சுவர்

நுழையும்முன்

ஓவியமும் சிற்பமும் கட்டடமும் கண்ணால் கண்டு உணர்தற்குரியவை. எனினும், தம் படைப்பு ஏன் இவ்வடிவம் பெற்றது என்பதைக் கலைஞர் எடுத்துரைக்க வேண்டிய சூழலும் எழுவதுண்டு. படைப்பவர் மாணவராயின் அத்தேவை மேலும் மிகுகிறது. கல்லூரி மாணவி ஒருவர், தம் கருத்தை எழுத்தாலும் பேச்சாலும் விளக்கி, ஒரு நாட்டின் நினைவுச்சின்னத்திற்கு வடிவம் தந்த வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

போட்டியும் நெறிமுறைகளும்

வியட்நாம் போர் 1975-ஆம் ஆண்டு முடிவுற்றது. அப்போரைக் குறித்து அமெரிக்க மக்களிடையே கடும் கருத்து வேறுபாடு நிலவியது. போரிலிருந்து திரும்பிய வீரர்கள் பலர் உரிய மதிப்பின்றி வாழ்ந்தனர். அவர்களுள் ஒருவரான ஜான் சுகிரக்சு, மாண்ட வீரர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பும் நோக்குடன் 1979-இல் நிதியம் ஒன்றைத் தொடங்கினார். வடிவமைப்பைத் தேர்ந்தெடுக்கத் திறந்த போட்டி அறிவிக்கப்பட்டது.

நினைவுச்சின்னம் காண்போரை ஆழ்ந்து சிந்திக்கச் செய்தல் வேண்டும். சுற்றுப்புறத்தோடு இயைந்திருத்தல் வேண்டும். இறந்தோர், காணாமற்போனோர் அனைவரின் பெயர்களையும் தாங்குதல் வேண்டும். போரைப் பற்றி அரசியல் கருத்து எதனையும் கூறுதல் கூடாது என்பன அதன் நெறிமுறைகள். 1,421 வடிவமைப்புகள் வந்து சேர்ந்தன. படைத்தவர் பெயர் நடுவர்களுக்குத் தெரியாவண்ணம் ஒவ்வொன்றிற்கும் எண் மட்டுமே இடப்பட்டது. எட்டு நடுவர்களும் ஒருமனதாகத் தேர்ந்த வடிவமைப்பின் எண் 1026. அதனைப் படைத்தவர் யேல் பல்கலைக்கழகத்தில் பயின்ற 21 வயது மாணவி மாயா லின் என்பது 1981 மே மாதம் வெளிப்பட்டது.

கருத்தின் பிறப்பு

மாயா லின் 1959-இல் ஒகையோ மாநிலத்தின் ஏதென்சு நகரில் பிறந்தவர். பெற்றோர் சீனாவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். தந்தை மட்கலைஞர்; தாய் கவிஞர். பல்கலைக்கழகத்தில் நீத்தார் நினைவுக் கட்டடக்கலை குறித்த வகுப்பின் பயிற்சியாகவே அவர் இவ்வடிவத்தை வரைந்தார்.

1980 நவம்பரில், சின்னம் அமையவிருந்த வாஷிங்டன் பூங்காவிற்கு அவர் நேரில் சென்றார். அங்கே நின்றபோது, நிலத்தைக் கத்தியால் அறுத்துத் திறப்பது போன்ற எண்ணம் அவருள் தோன்றியது. இறப்பு தொடக்கத்தில் பெருங்காயமாக வலிக்கிறது. காலம் அதனை ஆற்றுகிறது. ஆயினும் வடு மறைவதில்லை. வெட்டுண்ட நிலத்தின்மீது மீண்டும் புல் வளரும். வெட்டப்பட்ட பகுதியோ மெருகூட்டிய கல்லாக நிலைத்து நிற்கும். இதுவே அவர்தம் வடிவமைப்பின் அடிப்படை.

எழுத்தின் துணை

போட்டிக்கு அவர் அனுப்பிய வண்ணக்கோல் ஓவியங்கள் மிக எளியவை. பச்சைப் பரப்பில் சில கரிய வடிவங்கள் மட்டுமே அவற்றில் இருந்தன. அவற்றை மட்டும் காண்போர்க்குப் பொருள் விளங்காது என்பதை அவர் உணர்ந்தார். எனவே ஓவியத்துடன் இணைக்க ஏறத்தாழ ஒரு பக்க விளக்கவுரையை எழுதினார். சின்னத்தை வடிவமைப்பதற்கு ஆன காலத்தைவிட, அதனை விளக்கி எழுதுவதற்கு ஆன காலமே மிகுதி.

அவ்வுரையில் தற்புகழ்ச்சி இல்லை. கடுமையான கலைச்சொற்களும் இல்லை. பூங்காவில் நடந்து வரும் ஒருவர் எதனைக் காண்பார், எவ்வாறு கீழிறங்குவார், அங்கே எதனை உணர்வார் என்பனவற்றைப் படிப்படியாக அது விளக்கியது. படித்தவர் மனத்தளவில் அச்சுவரை ஒட்டி நடந்தார். ஓவியத்தால் இயலாததை உரைநடை செய்து முடித்தது.

பெயர்களின் வரிசை

பெயர்களை அகரவரிசையில் அமைத்தால் தேடுவது எளிது எனச் சிலர் கருதினர். மாயா லின், வீரர்கள் மாண்ட கால வரிசையே வேண்டுமென்றார். ஒரே நாளில் ஒரே களத்தில் வீழ்ந்தோர் பெயர்கள் அருகருகே இருந்தால், உயிருடன் திரும்பிய தோழர் தாம் வாழ்ந்த காலத்தையே அக்கல்லில் காண்பார் என்பது அவர் விளக்கம். இறந்தோர் பட்டியலைப் புரட்டியபோது, ஸ்மித் என்னும் குடும்பப்பெயர் கொண்டோரே 600-க்கு மேற்பட்டிருந்தமை தெரியவந்தது. அகரவரிசையில் தனி மனிதர் ஒருவர் பட்டியலுக்குள் மறைந்துவிடுவார் என்பதை எதிர்த்தோரும் ஏற்றனர்.

சுவர்கள் இரண்டும் இணையும் மூலையில் 1959-ஆம் ஆண்டின் பெயர்கள் தொடங்குகின்றன. அவை வலப்புறச் சுவரில் தொடர்ந்து, அதன் முனையில் நிலத்தினுள் மறைகின்றன. இடப்புறச் சுவரின் கடைமுனையில் மீண்டும் எழுந்து, 1975-ஆம் ஆண்டுடன் அதே மூலையில் முடிகின்றன. போரின் தொடக்கமும் முடிவும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. படைத்தலைவர், படைவீரர் என்னும் பதவிநிலை எதுவும் பெயருடன் இடம்பெறவில்லை.

எதிர்ப்பும் மறுமொழியும்

வடிவமைப்பு வெளியானதும் கடும் எதிர்ப்பு எழுந்தது. நினைவுச்சின்னம் வெண்ணிறமாய் வான்நோக்கி உயர வேண்டாவா? நிலத்தினுள் தாழ்ந்த கரிய சுவர் வீரர்களை இழிவுபடுத்தாதா? இவ்வாறு வினவியோருள் போரில் பங்கேற்ற வீரர்களும் இருந்தனர். வடிவமைத்தவரின் இளமையும் இனமும்கூட ஏளனத்திற்கு உள்ளாயின.

மாயா லின் சினத்தால் விடையிறுக்கவில்லை, கருத்தால் விடையிறுத்தார். கரிய கல் மெருகேறும்போது கண்ணாடியாகிறது. காண்போர் தம் முகத்தை இறந்தோர் பெயர்களினூடே காண்கின்றனர். சிலை ஒரு தோற்றத்தை மட்டுமே காட்டும். பெயரோ அவரை அறிந்தோர் மனத்தில் அவரைப் பற்றிய நினைவுகள் அனைத்தையும் எழுப்பும் என்பது அவர் கருத்து. கருமை இழிவின் நிறமன்று எனக் கறுப்பினப் படைத்தலைவர் ஜார்ஜ் பிரைஸ் கூட்டமொன்றில் எழுந்து உரைத்ததும் சுவருக்கு வலுச் சேர்த்தது.

எனினும் அவர் விரும்பிய யாவும் நிறைவேறவில்லை. வீரர் சிலையும் கொடிக்கம்பமும் சேர்க்கப்படும் என்னும் உடன்பாட்டின் பின்னரே பணி தொடர்ந்தது. அவற்றைச் சுவரின் நடுவிலேயே நிறுவ வேண்டுமென்ற கோரிக்கையை அவர் உறுதியுடன் எதிர்த்தார். இறுதியில் அவை சற்றுத் தொலைவில் அமைக்கப்பட்டன. சுவர் தன் வடிவம் மாறாமல் நின்றது.

சுவரின் முன்

1982 நவம்பர் 13 அன்று நினைவுச்சுவர் திறந்து வைக்கப்பட்டது. அப்போது அதில் 57,939 பெயர்கள் இருந்தன. வந்தோர் பெயர்களை விரலால் தடவினர். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரைப் படியெடுத்தனர். மலர்களையும் மடல்களையும் சுவரடியில் வைத்தனர். அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. மாணவி தம் உரையில் சொல்லிக் காட்டிய அமைதியை மக்கள் அங்கே நேரில் உணர்ந்தனர்.

தம் படைப்பின் பொருளை அறிந்திருந்ததனாலேயே எதனை விட்டுக்கொடுக்கலாம், எதனை விட்டுக்கொடுத்தல் ஆகாது என்பதை அவரால் பிரித்தறிய முடிந்தது. கலைஞர்க்குக் கைத்திறனோடு கருத்துத் தெளிவும் வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

தெரிந்து தெளிவோம்

நினைவுச்சுவருக்கான கருங்கல் இந்தியாவின் பெங்களூருப் பகுதியிலிருந்து கொண்டு செல்லப்பட்டது. ஒவ்வொரு சுவரும் ஏறத்தாழ 75 மீட்டர் நீளமுடையது. மூலையில் ஏறத்தாழ 3 மீட்டராக உள்ள உயரம், முனைகளை நோக்கிச் செல்லச் செல்லக் குறைகிறது. ஒரு சுவர் லிங்கன் நினைவகத்தையும், மற்றொன்று வாஷிங்டன் நினைவுத்தூணையும் நோக்கி நீள்கின்றன.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் வரைந்த அல்லது வரைய விரும்பும் ஓவியம் ஒன்றிற்கு ஒரு பக்க அளவில் விளக்கவுரை எழுதி, வகுப்பில் படித்துக் காட்டுக.
2. நினைவுச்சுவரில் பெயர்களை அமைக்க ஏற்றது அகரவரிசையா, கால வரிசையா? இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.
3. புறத்திணையில் பயின்ற நடுகல் மரபுடன் இந்நினைவுச்சுவரை ஒப்பிட்டுக் கலந்துரையாடுக.