எந்த வேளையில் என்ற கேள்வி: தூக்க மருத்துவத்தில் அடியெடுத்து வைக்கும் இளம் மருத்துவருக்கு



தூக்கம் வரவில்லை என்று வரும் நோயாளியிடம் இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று கேட்பது வழக்கம். யாரும் எழுப்பாத விடுமுறை நாளில் அவர் எப்போது கண்ணயர்ந்து எப்போது தானாக விழிக்கிறார் என்ற கேள்வியோ பல நேரங்களில் விடுபட்டுப் போகிறது. கல்லூரி நாள்களில் பின்னிரவு 3 மணி வரை புரண்டு கிடந்து 6 மணிக்குத் தலைவலியோடு எழும் மாணவர், விடுமுறையில் அதே 3 மணிக்கு உறங்கத் தொடங்கி முற்பகல் 11 மணி வரை அயர்ந்து தூங்கித் தெளிவாக எழுகிறார் எனில், அவருடைய உடல் தூங்கும் திறனை இழக்கவில்லை. தூக்கம் வரும் வேளைதான் தள்ளிப்போயிருக்கிறது. இவ்வாறு வேளை பிறழ்வதால் வரும் நோய்களே சர்க்காடியன் தூக்கக் கோளாறுகள் எனப்படுகின்றன. இவற்றைத் தூக்கமின்மை என்று கொண்டு மாத்திரை எழுதுவது, நோயை அப்படியே விட்டுவிட்டு நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்துவதாகும்.

உடல் வெப்பம், ஹார்மோன் சுரப்பு, விழிப்பு, உறக்கம் ஆகியவை ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஒழுங்கையே சர்க்காடியன் ஒழுங்கு என்பர். அதை நடத்தும் தலைமைக் கடிகாரம் மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில், இரு கண்களின் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சுப்ராகயஸ்மாட்டிக் நியூக்ளியஸ் என்னும் சிறு திரளில் இருப்பதை 1972இல் எலிகளைக் கொண்டு நடந்த ஆய்வுகள் காட்டின. பகலும் இரவும் தெரியாத இடத்திலும் இக்கடிகாரம் நிற்பதில்லை என்பதை, ஜெர்மனியின் ஆண்டெக்ஸ் என்னும் ஊரில் யூர்கன் ஆஷாஃப் 1960களில் நடத்திய நிலவறை ஆய்வுகளும், பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர் தனியறையில் மனிதர்களை நாள்கணக்கில் தங்கவைத்து நடத்திய ஆய்வுகளும் உறுதிசெய்தன; மதுரையின் இந்தப் பங்கைத் தமிழ்நாட்டு மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். மனிதரின் உட்கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடப் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்வதால், அதை நாள்தோறும் திருத்தியாக வேண்டியிருக்கிறது. விழித்திரையில் மெலனாப்சின் என்னும் நிறமி கொண்ட தனிவகை அணுக்கள் பகலொளியை, குறிப்பாக அதன் நீலக் கூற்றை, உணர்ந்து அத்திருத்தத்தைச் செய்கின்றன.

மேலே சொன்ன மாணவருக்கு இருப்பது பிந்திய தூக்க விழிப்புக் கட்டக் கோளாறு எனப்படும். நியூயார்க்கில் எலியட் வைட்ஸ்மன், சார்ல்ஸ் சைஸ்லர் முதலியோர் 1981இல் இதைத் தனி நோயாக வரையறுத்தனர். அதற்கு முன்னும், வருத்தம் தரும் வகையில் அதற்குப் பின்னும், இந்நோயாளிகள் வீட்டில் சோம்பேறி என்றும் பள்ளியில் பொறுப்பற்றவர் என்றும் ஏச்சு வாங்கியே வளர்கிறார்கள். பருவ வயதில் உட்கடிகாரம் இயல்பாகவே பின்னோக்கி நகர்கிறது என்பதையும், சிலருக்கு இப்போக்கு மரபணுவிலேயே அமைகிறது என்பதையும் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வது மருத்துவரின் முதல் வேலை. அந்த விளக்கம் இல்லாமல் தொடங்கும் சிகிச்சை வீட்டுச் சண்டையிலேயே முறிந்துபோகும். நோயை உறுதிசெய்யப் பெரும்பாலும் ஓரிரவு ஆய்வகத் தூக்கப் பதிவு தேவைப்படுவதில்லை. குறைந்தது 7 நாள்கள், இயன்றால் 14 நாள்கள், விடுமுறை நாள்களையும் சேர்த்து நோயாளியே எழுதிவரும் தூக்கக் குறிப்பேடும், கை அசைவைக் கொண்டு உறக்கத்தைக் கணிக்கும் ஆக்டிகிராஃப் என்னும் மணிக்கட்டுக் கருவியும் போதும்.

சிகிச்சையில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறொன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உடல் வெப்பம் நாளின் மிகக் குறைந்த அளவைத் தொடும் நேரம், ஒருவர் தானாக விழிக்கும் வேளைக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மணி நேரம் முன்னால் வருகிறது; அதற்கு முன் கண்ணில் படும் ஒளி கடிகாரத்தைப் பின்னுக்கும், அதற்குப் பின் படும் ஒளி முன்னுக்கும் தள்ளுகிறது. 11 மணிக்குத் தானாக விழிக்கும் மாணவருக்கு அந்தத் தாழ்புள்ளி காலை 8 அல்லது 9 மணியளவில் விழும். சூரிய ஒளி நல்லது என்று கேள்விப்பட்ட பெற்றோர் அவரை 6 மணிக்கே எழுப்பி மொட்டைமாடியில் நடக்கவைத்தால், உடலுக்கு அது இன்னும் நள்ளிரவு கடந்த நேரமே ஆதலால், நோய் குறைவதற்கு மாறாக வளரக்கூடும். எனவே ஒளிச் சிகிச்சையை அவர் இயல்பாக விழிக்கும் வேளையில் தொடங்கி, ஓரிரு நாளுக்கொருமுறை அரை மணி நேரம் போலப் படிப்படியாக முன்னே கொண்டுவருவதே முறை. அதற்கு விலையுயர்ந்த ஒளிப்பெட்டி எல்லோருக்கும் வேண்டியதில்லை. வீட்டறையின் வெளிச்சம் சில நூறு லக்ஸ் அளவைத் தாண்டுவது அரிது; திறந்தவெளிப் பகலொளியோ, ஒளிப்பெட்டி தரும் 10,000 லக்ஸ் அளவை எளிதில் எட்டும். விழித்திரை நோய் உள்ளவர்க்கும், மனவெழுச்சி நோய் ஏற்கெனவே வந்தவர்க்கும் வலிந்த ஒளிச் சிகிச்சையை உரிய மருத்துவரைக் கலந்தே தர வேண்டும்.

மெலடோனினுக்கும் இதே விதி பொருந்தும். பினியல் சுரப்பி இருளில் சுரக்கும் இந்த ஹார்மோனைப் படுக்கும்போது விழுங்கும் தூக்க மருந்தாகவே பலர் நினைக்கிறார்கள். கடிகாரத்தை நகர்த்தும் மருந்தாக அது பயன்பட, வழக்கமாகத் தூக்கம் வரும் வேளைக்குச் சில மணி நேரம் முன்பே, பல நேரங்களில் அரை மில்லிகிராம் போன்ற சிற்றளவிலேயே, தர வேண்டும். காலையில் கொடுத்தால் அது எதிர்த்திசையில் தள்ளும். கனடாவில் விற்ற 31 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்த 2017ஆம் ஆண்டு ஆய்வு, சிலவற்றில் மருந்து அட்டையில் கண்டதைவிட 83 விழுக்காடு வரை குறைவாகவும் சிலவற்றில் 478 விழுக்காடு வரை மிகுதியாகவும் இருந்ததைக் காட்டியது. ஆகவே எந்தத் தயாரிப்பை எழுதுகிறோம் என்பதிலும் கருத்து வேண்டும்.

பார்வை முற்றும் இழந்தோர் பலரிடம் சர்க்காடியன் கோளாறு வேறு வடிவம் கொள்கிறது. திருத்தும் ஒளி மூளையை எட்டாததால் கடிகாரம் தன் போக்கில் நாளுக்குநாள் பின்னே நகர, சில வாரம் இரவில் நன்றாக உறங்குபவர் அடுத்த சில வாரம் பகலெல்லாம் தள்ளாடுவார். இவர்களுள் பலருக்கு நாள்தோறும் குறித்த நேரத்தில் தரும் மெலடோனின் கடிகாரத்தை 24 மணி நேரத்தில் நிலைநிறுத்தும் என்பது 2000ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. எதையுமே காண இயலாத சிலரிடமும் ஒளிபட்டதும் மெலடோனின் சுரப்பு அடங்குவதை 1995இல் சைஸ்லர் குழுவினர் கண்டறிந்தனர். பார்வையற்ற கண் பயனற்ற கண் அன்று என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. அத்தகைய கண்ணை அகற்றும் பேச்சு எழும்போது, தூக்க மருத்துவர் கண் மருத்துவரிடம் இதை எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர்.

இரவுப்பணி செய்யும் செவிலியருக்கும் தகவல்தொழில்நுட்ப ஊழியருக்கும் பணியின் முற்பகுதியில் நல்ல வெளிச்சமும், வீடு திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடியும், இருட்டடித்த படுக்கையறையும் ஓரளவு உதவும்; வாரந்தோறும் மாறும் பணிமுறையை எந்த மருந்தாலும் முழுதும் ஈடுகட்ட முடியாது. மறதிநோயால் இரவும் பகலும் குழம்பிய முதியவருக்குத் தூக்க மாத்திரை தருவதை அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் எதிர்க்கிறது; விழுந்து எலும்பு முறியும் இடர் அங்கே மிகுதி.

எல்லா விதியையும் கடைப்பிடித்தும் கடிகாரம் நகராத நோயாளிகளும் உண்டு. அவர்களிடம் முயற்சி போதவில்லை என்று குறைகூறுவது கூடாது. வகுப்பையோ பணியையோ சற்றுப் பிந்தித் தொடங்க அனுமதி கோரி, நோயின் பெயரும் தன்மையும் விளங்கக் கல்லூரி முதல்வருக்கோ மேலதிகாரிக்கோ மருத்துவர் எழுதித்தரும் சான்றிதழ், அத்தகையோர்க்குப் பல நேரங்களில் மாத்திரையைவிடப் பெரிய உதவியாகும். அதை எழுதித்தர இளம் மருத்துவர்கள் தயங்காதிருக்க வேண்டும்.