மாடிப்படிக் கைப்பிடி: ஹட்டன் வாசகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வாசகருக்கு,

7 பேர்ச்சஸ் காணியில் கட்டும் வீட்டுக்கு மாடி எடுத்திருக்கிறீர்கள். படிக் கைப்பிடியை முழுக்க சில்வர் பைப்பில் போடுவதா, இரும்பும் மரமுமாகச் செய்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். லயத்துக் காம்பராவில் வளர்ந்தவர்களுக்கு வீட்டுக்குள் படி என்பதே புதிது, கேள்வி சின்னதல்ல. இரும்பும் மரமும்தான் என் கட்சி. காலைக் குளிரில் சில்வர் பைப்பைப் பிடித்து இறங்கும் பாட்டியிடம் கேட்டால் அவரும் அதையே சொல்வார்.

இந்தச் சேர்க்கை நம் மலைக்குப் பழக்கமானது. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலை ஸ்டோர் 1996இல் ஹொட்டேலானபோது, அதன் இரும்புச் சட்டத்தையும் மரவேலையையும் காப்பாற்றித்தான் மாற்றினார்கள். கொழுந்து வாட்டிய மாடிகளில் இன்று விருந்தினர் அறைகள். ஒருமுறை போய்ப் பாருங்கள். தேநீருக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகக் காசு கொண்டுபோங்கள்.

இரண்டும் சேரும் இடத்தில்தான் வில்லங்கம். மழைக்கால ஈரத்தில் மரம் அகலவாக்கில் உப்பும், வெயிலில் சுருங்கும். இரும்பு அதோடு ஒத்துப்போகாது. ஆகவே கைப்பிடிக்கு அடியில் ஓடும் பட்டை இரும்பில் வட்டத் துளை வேண்டாம். குறுக்குவாக்கில் நீள்துளை போட்டு, கீழிருந்து ஸ்க்ரூ முடுக்கச் சொல்லுங்கள். மரம் அசைய இடமிருந்தால் வெடிக்காது. டர்பன்டைன் மரமானால் இன்னொன்றும் உண்டு: ஈரத்தோடு வெறும் இரும்பு பட்டால், இரும்பாணி போட்ட தேநீரைப் போல மரம் கறுத்துவிடும். இரும்புக்கு முதலில் ரெட் ஒக்சைட், மேலே பெயின்ட். அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் மரம் ஏற வேண்டும்.

ஜீ.ஐ. பொக்ஸ் பார் துருப்பிடிக்காது என்று வெல்டிங் பாஸ் சொல்வார். ஒட்டிய இடத்தில் நாகப்பூச்சு எரிந்துபோயிருக்கும். துரு அங்கேதான் தொடங்கும். அந்த இடத்தைத் தேய்த்து நாகப் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். எரியும் நாகத்தின் புகை காய்ச்சல் கொடுக்கும், வேலை வெளியில் நடக்கட்டும்.

உயரம் 3 அடியாவது இருக்கட்டும். கம்பிகளுக்கிடையே 4 அங்குலத்துக்குமேல் இடைவெளி விடாதீர்கள், குழந்தையின் தலை நுழைந்துவிடும். படுக்கைக் கம்பிகள் இப்போது நாகரிகம். பிள்ளைகளுக்கோ அது ஏணி. நிறுத்தியே போடுங்கள்.

மரத்தை இப்போதே வாங்கிவிடுங்கள். பலகைகளுக்கிடையே குச்சி வைத்து, வீட்டுக்குள் காற்றோட்டமாக அடுக்குங்கள். அது நன்றாகக் காயும்வரை மரவேலை பாஸைக் கூப்பிட வேண்டாம். குடிபுகும் நாள் நெருங்கினால் இரும்பை மட்டும் முடித்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்.